கடவுள்மீது வழக்குப் போட்டவர்தானே?

கேள்வி: அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் எர்னி சேம்பர்ஸ் என்பவர் எந்தக் கட்சியிலும் சேராமல் 46 ஆண்டுகள் சட்டமன்ற உறுப்பினராக இருந்தாராம். கடவுள்மீதே வழக்குப் போட்ட விளம்பரப் பிரியர் அவர். திரும்பத் திரும்பக் கொண்டுவந்த மரண தண்டனை ஒழிப்பு மசோதாவும் கடைசியில் மண்ணைக் கவ்வியது. சுயேச்சையால் சத்தம் போடத்தான் முடியும் என்பதற்கு இவரே சாட்சி அல்லவா?

பதில்: அல்ல. வழக்கைப் பற்றிப் படித்தவர் வாழ்க்கையையும் கொஞ்சம் படித்திருக்கலாம்.

முதலில் அந்த வழக்கையே எடுத்துக்கொள்வோம். 2007இல் தொடுத்தார், கடவுளின் முகவரி தெரியாததால் சம்மன் அனுப்ப வழியில்லை என்று 2008இல் நீதிபதி தள்ளுபடி செய்தார். உலகம் முழுக்கச் செய்தியானது இவ்வளவுதான். யார் வேண்டுமானாலும் யார்மீதும் வழக்குத் தொடுக்கலாம், நீதிமன்றக் கதவை எவருக்கும் அடைக்கக் கூடாது என்பதைச் சொல்லவே அவர் அந்த மனுவைப் போட்டார். அப்போது அவர் சட்டமன்றத்தில் நுழைந்து 36 ஆண்டுகள் ஆகியிருந்தன. விளம்பரம் தேடுகிறவர் அத்தனை காலம் காத்திருக்கமாட்டார்.

ஒமாஹா நகரின் வடபகுதியில் முடிதிருத்தும் தொழில் செய்தவர் அவர். 1970 தேர்தலில் வென்றார். பின்னர் சட்டம் படித்துப் பட்டமும் வாங்கினார். ஆனால் வழக்கறிஞர் சங்கத்தில் சேர மறுத்துவிட்டார். மற்ற உறுப்பினர்கள் கோட்டும் டையுமாக அமர்ந்திருந்த அவையில் ஜீன்ஸும் அரைக்கைச் சட்டையுமாக உட்கார்ந்திருந்தார். மாநில மக்கள்தொகையில் கறுப்பினத்தவர் ஏறத்தாழ இருபதில் ஒருவர்தான். 49 பேர் கொண்ட அந்த அவையில் பல ஆண்டுகள் அவர் ஒருவரே கறுப்பினத்தவர்.

இந்த நிலையில் அவருக்குக் கைகொடுத்தது அவையின் விதிப்புத்தகம். நெப்ராஸ்காவில் மேலவை கிடையாது. 1937 முதல் ஒரே அவைதான். அந்த அவைக்கான தேர்தலில் வாக்குச்சீட்டில் கட்சிப் பெயரும் இருக்காது. ஆனாலும் மற்றவர்கள் பெரும்பாலும் ஏதாவது ஒரு கட்சிக்காரர்களே. தாக்கலாகும் ஒவ்வொரு மசோதாவுக்கும் பொது விசாரணை நடத்தியாக வேண்டும். அவையில் விவாதத்தை முடித்துவைக்க 33 வாக்குகள் தேவை. இந்த விதிகளை அவர் அளவுக்குக் கரைத்துக் குடித்தவர் அங்கே யாரும் இல்லை. பிடிக்காத மசோதா வந்தால் திருத்தத்துக்கு மேல் திருத்தம் கொடுத்துவிட்டு மணிக்கணக்கில் பேசுவார். கூட்டத்தொடரின் நாட்கள் கரையக் கரைய, மசோதாவைக் கொண்டுவந்தவரே அவரிடம் வந்து சமரசம் பேசுவார். இதை நீங்கள் சத்தம் என்கிறீர்கள். நான் இதை வேலை என்கிறேன். அந்த வேலைக்குச் சம்பளம் ஆண்டுக்கு 12,000 டாலர், அதுவும் 1988இல் உயர்த்தப்பட்ட பிறகு.

சாதித்தது என்ன என்று கேட்கலாம். தென்னாப்பிரிக்க நிறவெறி அரசோடு வணிகம் செய்யும் நிறுவனங்களிலிருந்து மாநிலத்தின் முதலீட்டை விலக்கிக்கொள்ளும் தீர்மானத்தை நெப்ராஸ்கா 1980இல் நிறைவேற்றியது. அமெரிக்க மாநிலங்களில் அதுவே முதல். பள்ளிகளில் அடிப்பதற்கு 1988இல் தடை வந்தது. ஒமாஹா மாநகர மன்றத்துக்கு நகரம் முழுவதும் சேர்ந்து வாக்களிக்கும் முறை போய், வட்டவாரியான தேர்தல் வந்தது. அதன்பின்தான் கறுப்பின மக்கள் வாழும் பகுதிக்கு மன்றத்தில் இடம் கிடைத்தது. மூன்றின் பின்னாலும் அவர் இருந்தார்.

இனி மரண தண்டனை. 1970களிலேயே தொடங்கிய போராட்டம் அது. 1979இல் ஒழிப்பு மசோதா நிறைவேறியது, ஆளுநர் தடுத்துவிட்டார். அதன்பிறகும் கூட்டத்தொடருக்குக் கூட்டத்தொடர் கொண்டுவந்துகொண்டே இருந்தார். 2015 மே மாதம் மறுபடியும் நிறைவேறியது, மறுபடியும் ஆளுநர் தடுத்தார். ஆளுநரின் தடையை மீற 30 வாக்குகள் தேவை. விழுந்தவை சரியாக 30, எதிராக 19. குடியரசுக் கட்சியினரே பெரும்பான்மையாக இருந்த அவை அது. கொறடாவும் கூட்டணியும் இல்லாத ஒரு மனிதர், எதிர்முகாமிலிருந்தும் ஒவ்வொருவராக மனம் மாற்றிச் சேர்த்த கணக்கு அந்த முப்பது. ஆம், 2016 பொதுவாக்கெடுப்பில் சுமார் 61 சதவீதம் பேர் தண்டனையைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். 2018இல் ஒருவருக்கு அது நிறைவேற்றவும் பட்டது. எனக்கு அது வருத்தமே. ஆனால் தோற்றது அவர் என்றால், வாக்காளர்களிடம் தோற்றார், அவையில் வென்றார். கட்சி பலம் இல்லாததால் முடியவில்லை என்ற உங்கள் வாதத்துக்கு இந்த உதாரணம் உதவாது.

அவர் செய்த எல்லாமே சரி என்று நான் சொல்லவில்லை. 2006இல் ஒமாஹாவின் அரசுப் பள்ளிகளை நிர்வகிக்கும் பள்ளி மாவட்டத்தை மூன்றாகப் பிரிக்கும் திருத்தத்தைக் கொண்டுவந்தார். தம் பிள்ளைகளின் பள்ளிகளைக் கறுப்பின மக்களே நிர்வகிக்கட்டும் என்பது அவருடைய நியாயம். நடைமுறையில் அது பிள்ளைகளை இனவாரியாகப் பிரித்திருக்கும். வழக்கு வந்தது, மறு ஆண்டே சட்டம் மாற்றப்பட்டது. மாறியது நல்லது. அவருடைய நாக்கும் கடுமையானது; காவல்துறையைப் பற்றி 2015இல் அவர் பேசிய பேச்சுக்குப் பதவி விலகச் சொல்லிக் குரல்கள் எழுந்தன.

சத்தம் மட்டுமே போடும் ஒருவரை அப்புறப்படுத்த யாரும் அரசியல் சட்டத்தைத் திருத்தமாட்டார்கள். தொடர்ந்து இரண்டு தடவைக்கு மேல் பதவியில் இருக்கக் கூடாது என்று 2000இல் நெப்ராஸ்காவில் திருத்தம் வந்தபோது, அது அவரைக் குறிவைத்தது என்றே பரவலாகப் பேசப்பட்டது. 2009இல் வெளியேறினார். நான்கு ஆண்டு இடைவெளி விட்டால் மீண்டும் போட்டியிடலாம் என்பதும் அதே விதியில் இருந்தது. 2012இல், 75 வயதில், மறுபடி நின்று வென்றார். 2021 ஜனவரியில் இரண்டாம் முறையாக அதே விதி அவரை வெளியே அனுப்பியபோது வயது 83.

உங்கள் கேள்விக்குள் நம் ஊர் சுயேச்சைகள்மீதான சலிப்பு தெரிகிறது. அதில் நியாயம் உண்டு. ஆனால் நம் அவைகளில் பேசும் நேரம் கட்சிகளின் பலத்தைப் பார்த்துப் பங்கிடப்படுகிறது. தனி ஆளுக்குக் கிடைப்பது சில நிமிடங்கள். நாடாளுமன்றத்திலேயே, அமைச்சர் அல்லாத உறுப்பினர் கொண்டுவந்த மசோதா எதுவும் 1970க்குப் பிறகு சட்டமாகவில்லை. சுயேச்சையாக வென்றவர் பிறகு ஒரு கட்சியில் சேர்ந்தால் பதவி போகும் என்று 1985 முதல் கட்சித்தாவல் தடைச் சட்டம் சொல்கிறது. கட்சிக்குப் போகக் கூடாது என்று அவரைத் தடுக்கத் தெரிந்த நாம், அவையில் அவர் எழுந்து பேச என்ன விதி வைத்திருக்கிறோம் என்பதை அடுத்த கேள்வியாக அனுப்பியிருந்தால் இன்னும் மகிழ்ந்திருப்பேன்.