பர்மா தேக்கு, கானா தேக்கு: எந்த விலையோடு எதை ஒப்பிடுவது?

கேள்வி: திருவையாறு பக்கம் காவிரிப் படுகையில் 22 வயதுத் தேக்கு அறுபது மரம் நிற்கிறது. கேட்டு வந்த வியாபாரி, பர்மா, கானா இரண்டு நாட்டு ஏற்றுமதி மதிப்பையும் காட்டி, "பர்மா விலையில் கால்வாசிக்குக் கானா தேக்கு கிடைக்கிறது, உங்கள் மரம் அதற்கும் கீழேதான் போகும்" என்கிறார். நம்பலாமா?

பதில்: அவர் காட்டிய எண்கள் சரியாகவே இருக்கலாம். பக்கத்தில் பக்கத்தில் வைத்த விதம்தான் தப்பு.

முதலில் அளவைப் பாருங்கள். பர்மா தேக்கு விலையை ஹாப்பஸ் டன்னில் சொல்வது பழைய வழக்கம். டன் என்றதும் எடை என்று நினைத்துவிடாதீர்கள். அது 50 ஹாப்பஸ் கன அடி, அதாவது சுமார் 1.8 கன மீட்டர். கானாவின் கணக்கு கன மீட்டரில், பெரும்பாலும் யூரோவில் வரும். ஒரு பேச்சுக்கு, டன் 1,800 டாலர் என்றால் கன மீட்டர் 1,000 டாலர்தான்.

ஹாப்பஸ் என்ற பேர்தான் புதிது, கணக்கு நம் மரவாடிக் கணக்கேதான். சுற்றளவை நாலால் வகுத்து, வந்ததை அதாலேயே பெருக்கி, நீளத்தாலும் பெருக்குவார்கள். 3 அடி சுற்றளவு, 10 அடி நீளம் உள்ள மரத்துக்கு 5.6 கன அடி வரும். உண்மையில் அதில் இருப்பது 7.16 கன அடி. நூற்றுக்கு 21 பங்கு கணக்கிலேயே ஏறாது. முழு கன அளவுக்குச் சொன்ன வெளிநாட்டு விலையை வைத்து, உங்கள் மரத்தை இந்தக் கணக்கில் அளந்து எடுத்தால் நஷ்டம் உங்களுக்குத்தான்.

அடுத்தது, மரம் எந்த உருவில் போகிறது என்பது. பர்மா 2014 ஏப்ரல் 1 முதல் உருட்டு மரம் ஏற்றுமதியைத் தடை செய்துவிட்டது. அதற்குப் பிறகு அங்கிருந்து முறைப்படி போவது அறுத்த, இழைத்த சரக்கு. கானாவிலிருந்து நமக்கு வருவதில் தோட்டத்து உருட்டுகள் நிறைய. அரிசி மூட்டை விலையைக் காட்டி நெல் மூட்டைக்கு விலை பேசினால் ஒப்புக்கொள்வீர்களா? சுங்கக் குறியீட்டில் உருட்டு 4403, அறுத்தது 4407. ஒரே குறியீட்டுக்குள் மட்டும் ஒப்பிடுங்கள்.

இன்னொன்று, ஏற்றுமதி மதிப்பு பொதுவாகக் கப்பலில் ஏற்றுவதோடு முடிந்துவிடும். கப்பல் வாடகை, காப்பீடு, சுங்கம், தூத்துக்குடியில் இறக்கி லாரியில் கொண்டுவரும் செலவு எல்லாம் அதற்கு மேல்.

சரி, தரம்? இதில் வியாபாரி சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. அறுத்த முகத்தைப் பாருங்கள்: நடுவில் பழுப்பு வைரம், சுற்றி வெளுத்த வெளிறு. படுகை வண்டலில் மரம் சீக்கிரம் பருக்கும், ஆனால் வைரம் பாய வயசு வேண்டும். காட்டில் பல காலம் நின்ற பர்மா மரத்துக்கு உங்கள் மரம் இணை இல்லை. கானா தோட்டத்து மரம்தான் இணை. ஆனால் அதற்கும் கீழே போக ஒரு காரணமும் இல்லை.

அவரிடம் ஒன்று மட்டும் கேளுங்கள்: இதே சுற்றளவுள்ள கானா உருட்டு, எல்லாச் செலவும் சேர்த்துத் தஞ்சாவூர் மரவாடியில் என்ன விலை, எந்த அளவில்? அப்புறம், அவர் மறுபடி வருவதற்குள் அறுபது மரத்தையும் நெஞ்சு உயரத்தில் டேப் பிடித்து அளந்து நோட்டில் எழுதி வையுங்கள். மூன்றடி தொடாதவற்றில் நேராக வளர்ந்தவற்றை இப்போது வெட்ட வேண்டாம். கோணல் மரங்களை மட்டும் வெட்டிக் கழித்துவிடுங்கள்.