பெரிய நீர்ப்பூச்சி: திருகோணமலையில் இருந்து வந்த கேள்விகளும் பதில்களும்

கேள்வி (தம்பலகாமம்): அண்ணை, மழை விட்ட இரவு வாசல் லைட்டடியில் கரப்பான் மாதிரி ஒன்று விழுந்து கிடந்தது. கரப்பானை விட இரண்டு மடங்கு பெரிசு. முன்னங்கால் இரண்டும் இடுக்கி போல. என்ன இது?

பதில்: லெதோசெரஸ் இண்டிகஸ். பெரிய நீர்ப்பூச்சி என்று சொல்லுவோம். வளர்ந்தது 6 முதல் 8 செ.மீ. வரை வரும். கரப்பானுக்கும் இதற்கும் உறவில்லை, மூட்டைப்பூச்சியின் வரிசையைச் சேர்ந்தது. திருப்பிப் பார்த்தால் தெரியும்: நீண்ட உணர்கொம்பு வெளியே இராது, தலைக்கடியில் குத்தூசி போன்ற ஓர் அலகு மடிந்திருக்கும். முன் சிறகு பாதி தோல் போலத் தடிப்பு, நுனி மெல்லிய சவ்வு.

இது இரவில் ஒரு நீர்நிலையில் இருந்து இன்னொன்றுக்குப் பறக்கும். பிரகாசமான விளக்கு வழி தவறச் செய்கிறது. நீர்ப்பூச்சிகள் பல, நீர்ப்பரப்பில் பட்டுத் தெறிக்கும் முனைவாக்கப்பட்ட (ஒரே தளத்தில் அதிரும்) ஒளியை வைத்தே தண்ணீரைக் கண்டுபிடிக்கின்றன. நனைந்த தார் வீதியும் கறுப்பு வாகனத்தின் கூரையும் அதே போல மினுங்கும். விறைத்துக் கிடந்தாலும் செத்துவிட்டதென்று கையால் எடுக்க வேண்டாம். செத்தது போல நடிப்பதில் கெட்டிக்காரப் பூச்சி. கோப்பையால் மூடி, அடியில் ஒரு கடதாசி மட்டையைச் செருகி எடுத்துக் குளத்தில் விடுங்கள்.

கேள்வி (திருகோணமலை நகரம், பாடசாலை மாணவி): சேர், தண்ணீருக்குள்ளே எப்படி மூச்சு விடுகிறது? மீனுக்கு இருப்பது போல் பூ (செவுள்) இருக்கா?

பதில்: இல்லை, பிள்ளை. இது நம்மைப் போலக் காற்றைத்தான் சுவாசிக்கிறது. வயிற்று நுனியில் உள்ளே இழுத்துக்கொள்ளக்கூடிய இரண்டு சிறிய பட்டிகள் உண்டு. தலைகீழாக நின்று அவற்றை நீர்மட்டத்துக்கு நீட்டிக் காற்றெடுத்து, சிறகுக்கும் முதுகுக்கும் இடையில் சேமித்துக்கொள்ளும். ஆகவே ஆழத்தில் அலையாது. கரையோரப் புல்லைப் பின்னங்கால்களால் பற்றி, பின்பக்கம் மேலே, முகம் கீழே என்று அசையாமல் காத்திருக்கும். வேட்டையாடுவதும் அப்படி நின்றபடியேதான்.

தும்பியின் அணங்கு (இளம் பருவம்) வேறு விதம். அதற்குக் குதத்தின் உள்ளே பூக்கள் உண்டு, நீரில் கரைந்த ஒட்சிசனையே எடுக்கும். இந்த வித்தியாசத்தை மறக்க வேண்டாம், அடுத்த பதிலுக்குத் தேவை.

கேள்வி (மூதூர்): மீன் குஞ்சு விட்ட சிறிய குளத்தில் நாளாக நாளாகக் குஞ்சு குறைகிறது. சில குஞ்சுகள் தோல் மட்டும் மிஞ்சிய மாதிரி மிதக்கின்றன. என்ன செய்யலாம்?

பதில்: தோல் மட்டும் மிஞ்சுவது இதன் கையெழுத்து. அலகைக் குத்தி, புரதத்தைக் கரைக்கும் நொதியங்கள் கலந்த உமிழ்நீரைச் செலுத்தும். தசை உள்ளேயே கரைந்து கூழாகும், அதை உறிஞ்சும். மீன், தவளை, வாற்பேத்தை எதையும் விடாது. ஜப்பானில் உள்ள நெருங்கிய இனம் ஒன்று சிறிய ஆமையைப் பிடித்துத் தின்றதும் 2011 இல் பதிவாகியிருக்கிறது.

குஞ்சு உள்ளே இருக்கும்போது மருந்து எதுவும் ஊற்றக் கூடாது. பூச்சிக்கு முன் குஞ்சுதான் சாகும். நெருக்கமான கண் உள்ள வலையால் கரையோரத்தை அடிக்கடி இழுங்கள், கரைப் புல்லை வெட்டுங்கள், குளத்துக்கு மேலே விளக்கு இருந்தால் அகற்றுங்கள்.

அடுத்த முறை குஞ்சு விடுவதற்கு 12 முதல் 24 மணித்தியாலம் முன்பு சவர்க்கார எண்ணெய்க் கலவை தெளிக்கலாம். இந்திய மீன் பண்ணைகளின் பழைய முறை இது: ஹெக்டேயருக்கு 56 கிலோ தாவர எண்ணெய், 18 கிலோ மலிவான துணிச் சவர்க்காரம். 100 சதுர மீற்றர் குளத்துக்கு, அதாவது ஏறக்குறைய நான்கு பேர்ச்சுக்கு, 560 கிராம் எண்ணெயும் 180 கிராம் சவர்க்காரமும் போதும். சவர்க்காரத்தைச் சீவிச் சுடுநீரில் கரைத்து, எண்ணெயை மெல்ல விட்டுப் பால் போலாகும் வரை கலக்கி, நீர்ப்பரப்பு முழுவதும் தெளியுங்கள். மேற்பரப்பில் எண்ணெய்ப் படலம் படிய, பூச்சியால் காற்றெடுக்க முடியாமல் போகும்.

இது பலிக்காமல் போவதற்கு முதற்காரணம் காற்று. கச்சான் வீசும் நாளில் படலம் ஒரு கரைக்கு ஒதுங்கி, மறுகரையில் பூச்சி நிம்மதியாக மூச்சு விடும். காற்று ஓய்ந்த விடியற்காலையில் செய்யுங்கள். காற்றூட்டி ஓடினாலும் படலம் உடையும், நிறுத்திவிடுங்கள். தும்பி அணங்குக்கோ இந்தக் கலவை உறைக்காது. அது மேலே வந்து மூச்சு விடுவதில்லையே. அதற்கு வலைதான். குளத்தை நிரப்பிவிட்டு வாரக்கணக்கில் சும்மா விட்டாலும் பூச்சி குடியேறிவிடும். நீர் வரும் குழாய்க்கு வலைத்துணி கட்டி நிரப்பி, தாமதிக்காமல் குஞ்சை விடுங்கள்.

கேள்வி (கந்தளாய்): வயலில் புல் பிடுங்கும்போது கையில் குத்திவிட்டது. நெருப்பு வைத்த மாதிரி எரிவு. விஷமா?

பதில்: மீனைக் கரைக்கும் அதே உமிழ்நீர்தான். கடுமையாக வலிக்கும், வீங்கும், சிலருக்குக் கொஞ்ச நேரம் மரத்தும் போகும். பெரும்பாலும் தானாகவே தணிந்துவிடும். சவர்க்காரம் போட்டுக் கழுவி, துணியில் சுற்றிய ஐஸை 10 நிமிடம் வைத்து எடுத்து வைத்து எடுங்கள். மோதிரம் இருந்தால் வீங்குமுன் கழற்றிவிடுங்கள். கீறுவதும் வாயால் உறிஞ்சுவதும் வேண்டாம். முகம் வீங்கினால், மூச்சுத் திணறினால், அடுத்த நாட்களில் சிவப்புப் பரவிக் காய்ச்சல் வந்தால் வைத்தியசாலைக்குப் போகத்தான் வேண்டும். குத்தியதை நீங்கள் கண்ணால் காணவில்லை என்றால் பாம்புக்கடியா என்பதையும் யோசியுங்கள். வயலில் அந்தச் சந்தேகம் வந்தால் காத்திருக்கக் கூடாது.

கேள்வி (கிண்ணியா): ஒன்றரை சென்ரிமீற்றர் அளவில் ஒரு பூச்சி, முதுகு நிறைய முட்டை. தாய்ப் பூச்சியா?

பதில்: தகப்பன்! இது டிப்ளோனிக்கஸ், பெரிய நீர்ப்பூச்சியின் சிறிய உறவு. முட்டை சுமப்பது பெண் என்றுதான் முன்பு எழுதிவந்தார்கள். சுமப்பது ஆண் என்று புளோரன்ஸ் ஸ்லேற்றர் 1899 இல் காட்டினார். பெண் ஆணின் முதுகிலேயே முட்டைகளை ஒட்டிவிட்டுப் போய்விடும். முட்டை எப்போதும் நீருக்கடியில் இருந்தால் ஒட்சிசன் போதாது, வெளியே இருந்தால் காய்ந்துவிடும். அதனால் ஆண் நீர்மட்டத்தருகே நின்று, தண்டால் எடுப்பது போல உடலை ஏற்றி இறக்கி முட்டைகளுக்கு நீரோட்டம் கொடுக்கும். பொரிக்கும் வரை சிறகை விரிக்க முடியாது, பறப்பும் இல்லை.

பெரிய இனத்தில் முட்டை நீருக்கு மேலே நிற்கும் தண்டில் இருக்கும். ஆண் தண்ணீரில் இருந்து ஏறிவந்து நனைத்துக் காவல் நிற்கும். காவலன் இல்லாத முட்டை காய்ந்துவிடும். ஜப்பானிய இனத்தில் காவலை மிஞ்சி வரும் வேறொரு பெண், அந்த முட்டைகளை அழித்துவிட்டு அதே ஆணுடன் சேர்ந்து தன் முட்டைகளை இடும். குரூரம்தான், ஆனால் அந்தப் பெண்ணுக்குத் தேவை, காக்க வேறு முட்டை இல்லாத ஒரு காவலன்.

கேள்வி (உப்புவெளி): இவை நுளம்புக் குடம்பியைத் தின்னுமாம். தண்ணீர்த் தொட்டியில் விட்டால் டெங்கு குறையுமா?

பதில்: சிறிய இனம் குடம்பியை நன்றாகத் தின்னும். ஆனால் டெங்கு நுளம்பு பெருகுவது டயர், சிரட்டை, பூச்சாடித் தட்டு, மூடாத தொட்டியில். அங்கே பற்றி நிற்க ஒரு புல்லும் இராது, பூச்சி பறந்துவிடும். வாரம் ஒருமுறை கவிழ்த்து, உட்சுவரைத் தேய்த்துக் கழுவி, மூடி போடுவதுதான் வேலை செய்யும்.

கேள்வி (நிலாவெளி): நீர்த்தேளின் வால் கொட்டுமா?

பதில்: கொட்டாது. நீர்த்தேள் தேளல்ல, இதே வரிசையைச் சேர்ந்த இன்னொரு நீர்ப்பூச்சி. அந்த வால் மூச்சுக் குழாய், இரண்டு அரைக் குழாய்கள் ஒட்டி நிற்பது. குத்துவது வாய்தான்.

கேள்வி (பன்குளம், ஆசிரியர்): கண்காட்சிக்கு ஒரு வாரம் கண்ணாடித் தொட்டியில் வைத்திருக்க முடியுமா?

பதில்: முடியும், சேர். ஒரு தொட்டியில் ஒன்று மட்டும், இரண்டு விட்டால் ஒன்றை ஒன்று தின்றுவிடும். நீர் 10 முதல் 15 செ.மீ. ஆழம் போதும். குழாய்நீர் என்றால் ஒரு நாள் திறந்து வைத்த பிறகு ஊற்றுங்கள். நீர்மட்டத்துக்கு மேலே நீளும் இரண்டு மூன்று குச்சிகள் கட்டாயம். பிடிமானம் இல்லாவிட்டால் நீந்தி நீந்திக் களைத்துப்போகும். இரண்டு மூன்று நாளுக்கு ஒரு சிறிய மீன் கொடுத்து, மிச்சத்தை அன்றே எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் நீர் நாறும். மூடியின் மேல் கல் வையுங்கள், இரவில் தள்ளித் திறந்து பறந்துவிடும். தொட்டியைச் சவர்க்காரம் போட்டுக் கழுவினால் பல தடவை அலசுங்கள். மிஞ்சிய சவர்க்காரம் பூச்சி காற்றெடுப்பதைக் கெடுக்கும்.