பிளஸ் ஒன்னில் எந்த குரூப்? கடற்கரை வீடுகளிலிருந்து சில கேள்விகள்

மே மாதம் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு கரையில் நிற்கும், அப்பாக்கள் வீட்டில் இருப்பார்கள், பிள்ளைகளின் படிப்புப் பேச்சு சூடுபிடிக்கும். எனக்கு வரும் கேள்விகளும் அப்போதுதான் குவிகின்றன.

மகன் பத்தாவதில் 412. டாக்டரா, என்ஜினீயரா என்று அவனுக்கே தெரியவில்லை. எந்த குரூப்பில் சேர்க்க? (பாம்பன்)

தெரியாதவனுக்குத்தான் கணிதம்-உயிரியல் குரூப். பொறியியல் கட்-ஆஃப் 200-க்குக் கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50. நீட் தேர்வின் 720-இல் சரிபாதி, 360, உயிரியல். இந்த குரூப்பில் இரண்டு வழியும் திறந்திருக்கும். மூன்றாவது வழி ஒன்றும் உண்டு: பி.எஃப்.எஸ்சி. என்ற மீன்வளப் பட்டப்படிப்பு. அதற்கு நீட் வேண்டாம், பிளஸ் டூ மதிப்பெண்தான் கணக்கு. உயிரியல் படித்திருக்க வேண்டும். தூத்துக்குடி மீன்வளக் கல்லூரி 1977-இலிருந்து இருக்கிறது. ஆனாலும் கடல்காரர் வீட்டிலிருந்து இதைப் பற்றி என்னிடம் கேட்டவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்!

ஒரு எச்சரிக்கை. 412 என்ற கூட்டுத்தொகையை மட்டும் பார்க்காதீர்கள். கணக்கில் தட்டுத்தடுமாறித் தேறியவன் என்றால் நான்கு பாடங்களும் சேர்ந்து அவனை அமுக்கிவிடும்.

காமர்ஸ் குரூப்பில் வணிகக் கணிதம் எடுத்தால் பிறகு பி.இ. சேரலாமா சார்? (கீழக்கரை மாணவி)

முடியாதம்மா. வணிகக் கணிதம் வேறு, கணிதம் வேறு. பி.காம்., சி.ஏ. என்று மனதில் இருந்தால் தயங்காமல் எடு.

ஆறாவதிலிருந்து அரசுப் பள்ளியில் படிக்கும் மகளை பிளஸ் ஒன்னுக்குத் தனியார் பள்ளிக்கு மாற்றச் சொல்கிறார்கள். (தொண்டி, ஒரு அம்மா)

மாற்றுவதற்கு முன் ஒரு நிமிஷம். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவத்தில் 2020 முதல் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு. 2021 முதல் பொறியியல், வேளாண்மை, கால்நடை, மீன்வளம், சட்டம் ஆகியவற்றுக்கும் உண்டு. அதில் பொறியியல் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணத்தோடு விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டுகிறது. கடைசி இரண்டு வருஷம் தனியாருக்குப் போனால் இது அத்தனையும் போச்சு. அரசு உதவி பெறும் பள்ளியும் இந்தக் கணக்கில் வராது. பலர் இடறுவது இங்கேதான். என் மகளாக இருந்தால் மாற்றமாட்டேன். பள்ளியில் இயற்பியல் ஆசிரியர் இடம் காலியாக இருக்கிறதா என்று மட்டும் விசாரியுங்கள். காலி என்றால் பக்கத்து ஊர் அரசுப் பள்ளியைப் பாருங்கள்.

கப்பல் வேலைக்கு எந்த குரூப்? (தங்கச்சிமடம் மாணவன்)

கணிதம், இயற்பியல், வேதியியல் உள்ள எந்த குரூப்பும் சரி, தம்பி. இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகத்தின் நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். அந்த மூன்று பாடங்களிலும் சேர்த்து 60 சதவீதம், ஆங்கிலத்தில் 50 சதவீதம் கேட்பார்கள். அதற்கெல்லாம் முன்னால், இந்த வாரமே கண் டாக்டரிடம் போய்விட்டு வா. நிறக்குருடு இருந்தால் கப்பலில் எடுக்க மாட்டார்கள். அதை பிளஸ் டூ முடித்த பிறகு தெரிந்துகொண்டு என் முன்னால் உட்கார்ந்து அழுத பையன்கள் உண்டு.