சர்க்கரை நோயும் செவித்திறனும்

கேள்வி: எனக்கு வயது 58; 12 ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் உள்ளது. சில மாதங்களாகப் பேத்தி பேசுவது தெளிவாகக் கேட்பதில்லை. இரண்டுக்கும் தொடர்பு உண்டா?
– வாசகி, மதுரை

பதில்: தொடர்பு உண்டு, அம்மா. உட்செவியில் நத்தை ஓட்டைப் போலச் சுருண்டிருக்கும் காக்ளியாவுக்கு இரத்தம் கொண்டுசெல்லும் நுண்ணிய நாளங்களை, கண்ணிலும் சிறுநீரகத்திலும் செய்வதைப் போலவே, நீடித்த உயர் சர்க்கரை சிதைப்பதால், ஒலியை உணரும் மயிரணுக்கள் நலிகின்றன. அமெரிக்காவில் 2008இல் வெளியான ஆய்வொன்று, சர்க்கரை நோயாளிகளிடம் கேட்புக் குறை ஏறக்குறைய இரு மடங்கு இருப்பதைக் காட்டியது. பெரும்பாலும் உயர் சுருதி ஒலிகளே முதலில் மங்கும். குழந்தைக் குரல் பிடிபடாததற்கு இது காரணமாகலாம். வெறும் குரும்பி (காதழுக்கு) அடைப்பாகவும் இருக்கலாம் என்பதால், காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டி செவித்திறனை அளக்கும் ஆடியோகிராம் சோதனை எடுத்துக்கொள்ளுங்கள். திடீரென ஒரு காது கேட்காமற்போனால் அன்றே செல்லுங்கள்; அதற்குத் தரப்படும் ஸ்டீராய்டு சர்க்கரையை ஏற்றும் என்பதால், உங்கள் நோயை மறவாமல் சொல்லுங்கள்.