ஓபோன் நடனம், வானொலி: ஒரு கடிதம்

அன்புள்ள அக்கா,

ஹவாயின் ஹோனலூலூவில் படிக்கும் ஜப்பானிய மாணவர்கள், இறந்தவர்களை நினைத்து ஜப்பானியர்கள் எடுக்கும் ஓபோன் திருவிழாவுக்காக அங்கே நடக்கும் நடனங்களைப் பற்றி வானொலி நிகழ்ச்சி செய்வதாக நீங்கள் எழுதியிருந்ததைப் படித்தேன். படித்ததிலிருந்து சில விஷயங்கள் உறுத்திக்கொண்டே இருக்கின்றன. கடல் தாண்டிப் படிக்கப் போன பிள்ளைகள் போன இடத்திலும் தங்கள் ஊர்த் திருவிழாவையே தேடிப் போய்ப் பதிவு செய்வதில் என்ன இருக்கிறது? ஹவாய்க்காரர்களின் ஹூலா நடனத்தைப் பற்றிச் செய்தார்கள் என்றால் எனக்குப் புரியும். இரண்டாவது, நடனம் என்பது கண்ணால் பார்க்க வேண்டிய விஷயம். எல்லார் கையிலும் கேமரா இருக்கும் காலத்தில் அதை ஏன் வானொலியில் கொண்டுபோய் அடைக்க வேண்டும்?

நான் இதழியல் வகுப்பு எடுக்கிறவன். எங்கள் கல்லூரியில் சமூக வானொலி உண்டு. திருவிழா பற்றி ஒரு நிகழ்ச்சி செய்யுங்கள் என்றால் மாணவர்கள் தல வரலாற்றையும் விழாக்குழுத் தலைவர் பேட்டியையும் கொண்டுவந்து வைக்கிறார்கள். அதனால்தான் கேட்கிறேன், சண்டைக்கு இல்லை.

எஸ்., திருச்சி

அன்புள்ள எஸ்.,

உங்கள் முதல் கேள்வியில்தான் நான் அதிக நேரம் நிற்கப் போகிறேன், இரண்டாவது கேள்விக்கும் உங்கள் மாணவர்கள் விஷயத்துக்கும் அதற்குள்ளேயே பாதி பதில் இருக்கிறது.

"தங்கள் ஊர்த் திருவிழா" என்று எழுதியிருக்கிறீர்கள். டோக்கியோவிலிருந்து வந்து இறங்கும் இருபது வயதுப் பிள்ளையும் அப்படி நினைத்துக்கொண்டுதான் வருகிறது. ஆனால் ஹவாயின் ஓபோன் இன்றைக்கு ஹவாய்க்குச் சொந்தமானது. 1868-ல் ஜப்பானிலிருந்து ஏறக்குறைய 150 பேர் வந்தார்கள், பிறகு 1885-லிருந்து அரசு ஒப்பந்தத்தின் பேரில் ஆயிரக்கணக்கில் கரும்புத் தோட்ட வேலைக்கு வந்து இறங்கினார்கள். ஹிரோஷிமா, யமகுச்சி, குமமோத்தோ, ஃபுகுவோக்கா பக்கத்துக் கிராமத்து ஜனங்கள்தான் அதிகம், கொஞ்சம் பிந்தி ஃபுகுஷிமாக்காரர்களும் ஒகினாவாக்காரர்களும். ஒவ்வொருவரும் அவரவர் ஊர்ப் பாட்டையும் தாளத்தையும் கொண்டு வந்தார்கள், தோட்டத்துக் குடியிருப்புகளில் எல்லாரும் ஒன்றாக இருக்க நேர்ந்ததால் எல்லாமே ஒரே வட்டத்துக்குள் வந்து சேர்ந்தது. ஜப்பானில் யமகுச்சியின் இவாகுனி ஓந்தோ என்ற நடனப் பாட்டுக்கு ஆடுகிறவர் அதே இரவில் ஃபுகுஷிமா ஓந்தோவுக்கும் ஒகினாவாவின் எய்சா என்ற மேள ஆட்டத்துக்கும் ஆடுவது அபூர்வம். ஹவாயில் அது சாதாரணம். ஜப்பானில் ஓபோன் பெரும்பாலான இடங்களில் ஆகஸ்ட் நடுவில் சில நாட்களோடு முடிந்துவிடும். இங்கே ஜூனில் ஆரம்பித்து ஆகஸ்ட் கடைசி வரைக்கும், சில கோயில்களில் அதற்குப் பிறகும், வாரக் கடைசிதோறும் ஒவ்வொரு பௌத்தக் கோயிலாக நடக்கிறது. தாளக்காரர்களும் நடனக் குழுக்களும் எல்லாக் கோயில்களுக்கும் போயாக வேண்டுமே, அதற்கேற்ற மாதிரி தேதிகளைப் பிரித்து வைத்துக்கொள்கிறார்கள். ஆடுகிறவர்களில் பாதிப் பேர் முகத்தைப் பார்த்து இவர் இந்த வம்சம் என்று சொல்ல முடியாது, பிலிப்பினோ, சீன, போர்த்துகீசிய, ஹவாய்ப் பூர்வகுடி உறவுகள் எல்லாம் கலந்த குடும்பங்கள்.

இந்த இடத்துக்கு ஒரு ஜப்பானிய மாணவி ஒலிவாங்கியோடு போகிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். எனக்குத் தெரிந்த ஒரு பெண் போனாள். அவள் முதலில் செய்த நிகழ்ச்சி முழுக்க ஒப்பீடு. எங்கள் ஊரில் யுகாத்தா என்ற பருத்தி அங்கியை இப்படிக் கட்டுவோம், இங்கே ரப்பர் செருப்போடு வருகிறார்கள். எங்கள் ஊரில் பாட்டின் வேகம் இது, இங்கே அது. கேட்க நன்றாகத்தான் இருந்தது, ஆனால் அதில் ஹவாய் இல்லை, ஒரு ஜப்பானியப் பெண்ணின் ஆச்சரியம் மட்டும் இருந்தது. அப்புறம் வேறொரு கோயிலில், ஆட்டம் தொடங்குவதற்கு ரொம்ப முன்னாலேயே போய், பெரிய மேளத்தை மேடையில் ஏற்றிக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம் எப்படிக் கற்றுக்கொண்டீர்கள் என்று கேட்டிருக்கிறாள். பழைய கார் டயரில் அடித்துத்தான், அப்பா பக்கத்தில் நின்று வாயால் தாளம் சொல்வார், என்று அவர் ஆரம்பித்து, அந்த வாய்த்தாளத்தை அப்படியே சொல்லிக் காட்டியிருக்கிறார். அந்த ஒரு நிமிடம்தான் அவளுடைய இரண்டாவது நிகழ்ச்சியின் முதுகெலும்பு. ஹூலாவைப் பற்றிச் செய்யலாம் என்கிறீர்கள், செய்கிறார்கள், ஈஸ்டரை ஒட்டி ஹிலோவில் நடக்கும் மெர்ரி மோனார்க் என்ற ஹூலா விழாவுக்கு ஜப்பானிலிருந்தே ஏராளமானவர்கள் வருகிறார்கள். ஆனால் ஹூலா முன்னால் நிற்கும்போது அந்த மாணவிக்குத் தனக்குத் தெரியாது என்பது தெரியும், தானாகவே பணிவாகக் கேட்பாள். ஓபோன் முன்னால் நிற்கும்போதுதான் எல்லாம் தெரியும் என்ற நினைப்போடு நிற்கிறாள். அந்த நினைப்பை இறக்கி வைக்கக் கற்றுக்கொள்வதைவிடப் பெரிய பயிற்சி ஒரு வானொலிக்காரிக்கு என்ன இருக்க முடியும்? அதனால்தான் அவர்கள் ஓபோனுக்குப் போக வேண்டும் என்று நான் அடித்துச் சொல்கிறேன்.

இன்னொன்றும் இருக்கிறது. 2011 நிலநடுக்கத்தையும் அணு உலை விபத்தையும் அடுத்து ஃபுகுஷிமா மாகாணத்தின் ஃபுதாபா ஊரை முழுக்கக் காலி செய்தார்கள். ஊரே சிதறிப் போனபோது அந்த ஊர் ஓபோன் பாட்டை யார் பாடுவது, எங்கே பாடுவது? அந்த ஊர்த் தாளக்காரர்கள் ஹவாயின் மாவி தீவுக்கு வந்து, நூறு வருடங்களுக்கு முன்னால் ஃபுகுஷிமாக்காரர்கள் கொண்டுவந்த பாட்டை இன்னும் அடித்துக்கொண்டிருக்கும் குழுவினரிடம் தங்கள் பாட்டைக் கற்றுக்கொடுத்துவிட்டுப் போனார்கள். இதை அறிந்த பிறகு ஹவாயில் கேட்பது ஜப்பானின் நகல் என்று எந்த ஜப்பானிய மாணவராலும் சொல்ல முடியாது.

சரி, கண்ணால் பார்க்க வேண்டியது என்ற கேள்விக்கு வருகிறேன். ஓபோன் நடனத்தைப் போய்ப் பாருங்கள். நடுவில் யாகுரா என்ற மேடை, சுற்றிலும் விளக்குச் சரம், எல்லாரும் வட்டமாக ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்துகொண்டு நகர்வார்கள். அழகுதான், ஆனால் ஐந்து நிமிட வீடியோவில் அது தீர்ந்துவிடும். இது இறந்தவர்களுக்காக ஆடும் ஆட்டம். அந்த வருடம் வீட்டில் ஒருவரை இழந்த குடும்பத்துக்கு அது முதல் ஓபோன், வட்டத்தில் எனக்கு முன்னால் போகிறவர் தன் அம்மாவுக்காக ஆடுகிறாரா, சும்மா பக்கத்துத் தெருவிலிருந்து வந்தாரா என்று எந்தக் கேமராவும் காட்டாது. அவரே சொன்னால்தான் உண்டு. கேமராவைத் தூக்கினால் ஜனங்கள் சிரித்துக் கை காட்டுகிறார்கள். சின்ன ஒலிவாங்கியை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தால் பேசுகிறார்கள். கோயில் சமையலறையில் அண்டாகி என்ற ஒகினாவா இனிப்பு உருண்டைகளை எண்ணெயில் போட்டுக்கொண்டே பேசும் பெண்களிடம் கேட்டுப் பாருங்கள், அந்தக் கோயிலின் வரலாறு முழுக்க அங்கே கிடைக்கும், எண்ணெய் பொரியும் சத்தம் பின்னணியிலேயே இருக்கும்.

பாட்டும் தாளமும் கையால் தொட்டுப் பார்க்கும் பொருட்களைவிட எளிதாகக் காணாமல் போகக்கூடியவை, அவற்றைப் பதிவு செய்வது இரண்டாந்தர வேலை என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது. கரும்புத் தோட்டத்தில் காய்ந்த சோகையை உரித்துக்கொண்டே பாடிய ஹோலேஹோலே புஷி பாட்டுகள் இன்றைக்கு நமக்குக் கேட்கக் கிடைப்பதற்கு ஒரு முக்கியக் காரணம் ஹாரி உராத்தா என்ற இசை ஆசிரியர். 1960-களில் அவர் டேப் ரெக்கார்டரோடு போய், முதல் தலைமுறைக் கிழவிகளையும் கிழவர்களையும் பாடச் சொல்லிப் பதிவு செய்தார். கூலி, மேஸ்திரி, குடிகாரப் புருஷன், திரும்பிப் போக முடியாத ஊர் எல்லாம் அந்தப் பாட்டுகளில் இருக்கின்றன, ஜப்பானிய மொழிக்குள் ஹவாய்ச் சொற்கள் கலந்து கிடக்கின்றன. அவர் இன்னும் பத்துப் பதினைந்து வருடம் தாமதித்திருந்தால் பாடுவதற்கு ஆட்கள் மிஞ்சியிருப்பார்களா என்பதே சந்தேகம்.

2023 ஆகஸ்ட் 8 அன்று மாவியில் லஹைனா நகரம் எரிந்தது. அங்கே இருந்த ஜோதோ, ஹோங்வாஞ்சி, ஷிங்கோன் என்ற மூன்று ஜப்பானியப் பௌத்தக் கோயில்களும் போய்விட்டன. ஜோதோ கோயிலில், முதல் குடியேறிகள் வந்து நூறு வருடம் ஆனதை நினைத்து 1968-ல் வைத்த பெரிய புத்தர் சிலை எரியாமல் நின்றது. ஒவ்வொரு கோடையிலும் அந்தக் கோயிலில் ஓபோன் நடனம் நடக்கும், கடலில் விளக்கு விடுவார்கள். படங்கள் நிறைய இருக்கின்றன, சுற்றுலா வந்தவர்கள் எடுத்தது. அந்தக் கோயில் முற்றத்தில் தாளம் எப்படி எதிரொலித்தது, வருகிறவர்களை யார் எப்படிப் பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள் என்பதெல்லாம் படத்தில் வராது. யாராவது ஒரு மாணவர் அங்கே ஒரு மாலை முழுக்கப் பதிவைத் திறந்து வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தால் அது இன்றைக்கு அந்த ஊர்க்காரர்களுக்கு எவ்வளவு பெரிய சொத்து!

யார் கேட்பார்கள் என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். ஹோனலூலூவில் ஜப்பானிய மொழியிலேயே ஒலிபரப்பும் கே-ஜூ நிலையம் 1963-லிருந்து இருக்கிறது. ஹவாய் பல்கலைக்கழகத்தில் மாணவர்களே நடத்தும் கே-டி-யு-எச் 1969-லிருந்து இருக்கிறது. வண்டி ஓட்டுகிறவர்களும் வீட்டோடு இருக்கும் பெரியவர்களும் இன்னும் வானொலி கேட்கிறார்கள். பேட்டி கொடுத்தவரின் குடும்பம் கட்டாயம் கேட்கும், என்னைக் கேட்டால் அவர்கள்தான் முதல் நேயர்கள்.

இந்தப் பிள்ளைகளுக்கு வானொலி புதிதில்லை என்பதையும் நீங்கள் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். ஜப்பானியப் பள்ளிகளில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் மாணவர்களே ஒலிபெருக்கியில் நிகழ்ச்சி நடத்துவது சர்வசாதாரணம், உயர்நிலைப் பள்ளிகளில் ஒலிபரப்புக் கழகங்கள் இருக்கின்றன, ஜப்பானின் பொது ஒலிபரப்பு நிறுவனமான என்.எச்.கே.யின் கோப்பைக்கான அகில ஜப்பான் உயர்நிலைப் பள்ளி ஒலிபரப்புப் போட்டி 1954-லிருந்து நடக்கிறது. அதில் வானொலி ஆவணப் பிரிவுக்கு 7 நிமிடம்தான் உச்ச வரம்பு. ஏழு நிமிடத்துக்குள் ஒரு ஊரைச் சொல்லப் பழகிய பிள்ளைக்கு எதை வெட்ட வேண்டும் என்று தெரியும். அதே பயிற்சியில் ஒரு தொல்லையும் இருக்கிறது. போட்டிக்காகப் பழகிய அறிவிப்பாளர் குரல், ஒவ்வொரு சொல்லும் இஸ்திரி போட்ட மாதிரி. அந்தக் குரலில் கேள்வி கேட்டால் எதிரில் இருப்பவரும் மேடைப் பேச்சுக்குப் போய்விடுகிறார். ஹவாயின் பெரியவர்கள் பேசும் ஜப்பானிய மொழியில் ஹிரோஷிமா, யமகுச்சிக் கிராமத்துப் பழைய பேச்சு அப்படியே இருக்கிறது, அதற்கு நடுவில் பிஜின் என்ற ஹவாயின் கலப்பு ஆங்கிலம் வந்து விழுகிறது. திருத்தமான டோக்கியோ உச்சரிப்போடு கேள்வி வந்தால் அவர்கள் கூச்சப்பட்டு முழு ஆங்கிலத்துக்கு மாறிவிடுகிறார்கள். இதைப் புரிந்துகொண்ட மாணவர்கள் தங்கள் சொந்த ஊர்ப் பேச்சில் பேச ஆரம்பிக்கிறார்கள், உடனே அந்தப் பக்கமும் இளகுகிறது.

இனி உங்கள் மாணவர்கள். தல வரலாறு வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன், ஆனால் அதை எழுதி வைத்திருக்கும் ஆளிடமிருந்து வாங்காமல், அதை நம்பிக்கொண்டு வருடா வருடம் வேலை செய்யும் ஆளிடம் கேட்கச் சொல்லுங்கள். திருவிழா அன்றைக்கு மட்டும் போனால் ஒன்றும் கிடைக்காது. ஒத்திகைக்கும் பந்தல் போடும் நாளுக்கும் எல்லாம் முடிந்து பெருக்கித் தள்ளும் காலைக்கும் போக வேண்டும். முடிந்தால் அந்த ஊரைச் சேராத ஒரு மாணவரையும் ஊர்ப் பிள்ளை ஒருவரையும் சேர்த்து அனுப்புங்கள், வெளியூர்ப் பிள்ளை கேட்கும் கேள்விகளைக் கேட்க ஊர்ப் பிள்ளைக்குத் தோன்றவே தோன்றாது, கிடைத்த பதிலில் எது சரி என்று வெளியூர்ப் பிள்ளைக்குத் தெரியாது. எங்கே நின்றாலும் பேச்சு இல்லாமல் சுற்றுப்புறச் சத்தத்தை மட்டும் இரண்டு மூன்று நிமிடம் தனியாக எடுத்துக்கொள்ளட்டும், எடிட் செய்ய உட்காரும்போது அதன் அருமை தெரியும். அனுமதி கேட்டுப் பதிவு செய்யட்டும், துக்கத்தில் இருப்பவர் வேண்டாம் என்றால் உடனே நிறுத்தட்டும்.

ஒலிபரப்பு முடிந்ததும் வெட்டாத முழுப் பதிவின் பிரதியை, தேதி, இடம், பேசியவர் பெயர், பாடிய பாட்டு எல்லாம் எழுதி, ஒன்றைக் கோயிலிலும் ஒன்றைப் பேசியவர்கள் வீட்டிலும் கொடுத்துவிட்டு வரச் சொல்லுங்கள். இங்கே சில மாணவர்கள் அப்படிச் செய்கிறார்கள். உங்கள் மாணவர்கள் செய்யும் முதல் நிகழ்ச்சியை எனக்கு அனுப்புங்கள், முழுதாகக் கேட்டுவிட்டு எழுதுகிறேன்.