அடைப்புக்குறிக்குள் தசமபாகம்

கேள்வி: அப்பா இறந்ததும், "பேங்க் லோனுக்கு" என்று சொல்லி என் ஒரே தங்கையை சார்பதிவாளர் அலுவலகத்துக்கு அழைத்துப்போய், சொத்தில் தன் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கிவிட்டேன். அவள் வாசித்துக்கூடப் பார்க்கவில்லை. அப்பாவின் இரண்டு கடைகளுக்கும் சேர்த்து மாதம் 12,000 ரூபாய் வாடகை ஒன்பது வருடமாக எனக்குத்தான் வருகிறது (அதிலும் தசமபாகம் தவறாமல் எடுத்துவிடுவேன்). அவள் கல்யாணத்துக்கு 30 பவுன் போட்டோம். ஆனாலும் உறுத்துகிறது. உபவாசம் இருந்து அழுது ஜெபித்தும் சமாதானம் இல்லை. தேவன் என்னை மன்னிக்கவில்லையா? எந்தச் சங்கீதம் வாசிக்கலாம்?
- வாசகர், திருநெல்வேலி மாவட்டம்

பதில்: தம்பி, சங்கீதம் இருக்கட்டும். அந்த அடைப்புக்குறியைத் திறந்து பார்ப்போம்.

வாடகையில் பாதி தங்கச்சி காசு. அதிலும் பத்தில் ஒன்றைக் கிள்ளிக் கவரில் போட்டு, கோயிலில் காணிக்கைப் பை வரும்போது போடுகிறீர்கள். களவுக் காசில் கர்த்தருக்குக் கமிஷனா? போதகர் ஐயருக்குத் தெரியாது, வாங்கிக்கொள்வார். வாங்க வேண்டியவர் வாங்கியிருப்பார் என்றா நினைக்கிறீர்கள்?

லேவியராகமம் 6-ஆம் அதிகாரத்தை எடுங்கள். பிறனை வஞ்சித்து எடுத்தவன், முதலோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டி உரியவனிடம் கொடுக்கவேண்டும். பலிக்கு ஆட்டுக்கடாவோடு ஆசாரியனிடம் போவது அதற்குப் பிறகு. உங்கள் கணக்கைப் போட்டேன். 108 மாதம், மாதம் 6,000: மொத்தம் 6,48,000 ரூபாய். ஐந்தில் ஒரு பங்கு 1,29,600. ஒன்பது வருடத்தில் நீங்கள் போட்ட தசமபாகம் எவ்வளவு தெரியுமா? அதே 1,29,600. தங்கச்சி வாசலில் வைக்கவேண்டியதைக் கோயிலில் வைத்துவிட்டு வந்திருக்கிறீர்கள்.

30 பவுன் பேச்சை விடுங்கள். 1925-ஆம் வருட இந்திய வாரிசுரிமைச் சட்டத்தில் மகனுக்கும் மகளுக்கும் சமபங்கு. போட்ட நகையை அதில் கழிக்கவும் வழி இல்லை. (உங்கள் படிப்புச் செலவை யாராவது பவுனில் எழுதி வைத்தார்களா?)

மன்னிப்பைக் காசு கொடுத்து வாங்கச் சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். வரி வசூலித்துப் பணக்காரனான சகேயு ஒரு காசு எடுத்து வைப்பதற்கு முன்பே இயேசு அவன் வீட்டுக்கு வருகிறேன் என்றார். கிருபைதான் முந்தியது. ஆனால் கிருபை உள்ளே நுழைந்த வீட்டில் அநியாயப் பணத்துக்கு இருப்புக் கொள்ளவில்லை. நாலத்தனையாகத் திருப்பித் தருகிறேன் என்று அவனே எழுந்து நின்றான், யாரும் கேட்காமலே. உங்கள் வீட்டில் ஒன்பது வருடமாக யாருமே எழுந்து நிற்கவில்லை.

நீங்கள் தேடுவது பாவமன்னிப்புக் கேட்கும் 51-ஆம் சங்கீதம் என்று தெரியும். அதைப் பாடின தாவீது, உரியாவின் மனைவியை எடுத்துக்கொண்டு அவனைக் கொல்லவைத்தவன்; அவனால் உரியாவிடம் போய் நிற்க முடியாது, உரியா செத்துப்போயிருந்தான். உங்கள் தங்கச்சி உயிரோடு இருக்கிறாள். வாசிக்காமல் கையெழுத்துப் போட்டாள் என்றால் அண்ணன் சொன்னான் என்றுதான் போட்டாள். அப்பா இல்லாத வீட்டில் அண்ணன்தான் அப்பா ஸ்தானம். அந்த ஸ்தானத்தில் உட்கார்ந்துகொண்டுதானே பேனாவை நீட்டினீர்கள்!

முதலில் உங்கள் மனைவியிடம் சொல்லுங்கள். பிறகு பத்திரம் எழுதுபவரைப் பார்த்து, ஒரு கடையைத் தங்கச்சி பேருக்கு செட்டில்மென்ட் எழுதுங்கள். குடும்பத்துக்குள் எழுதினால் முத்திரைக் கட்டணத்தில் சலுகை உண்டு, செலவைச் சாக்குச் சொல்லவேண்டாம். வாடகைப் பாக்கியை ஒரேயடியாகக் கொடுக்க முடியாவிட்டால் தவணை எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். இந்த முறை கையெழுத்து உங்களுடையது.

போனில் சொல்லாதீர்கள், நேரில் போங்கள். மச்சான் கத்தினால் கேட்டுக்கொண்டு நில்லுங்கள். அவள் காபி கொடுத்தால் குடித்துவிட்டு வாருங்கள். கொடுக்காவிட்டாலும் பத்திரத்தை வைத்துவிட்டு வாருங்கள்.