காட்டுக்குள் ஐஸ்

அன்பின் அண்ணா,

அடுத்த மாதம் ரொறொன்ரோவிலிருந்து பெரியண்ணா குடும்பம் வருகிறது. இரவில் எல்லோரும் கூடியிருந்து பார்க்க ஒரு படம் சொல்லுங்கள். வெளிநாட்டில் வாழும் குடும்பத்தின் கதையாக இருக்கட்டும், ஆனால் அழுகைப் படம் வேண்டாம். கொஞ்சம் விசர்க் குடும்பமாக இருந்தால் எங்களுக்குப் பொருந்தும்.

ஒரு வாசகி, உவர்மலை

அன்பின் தங்கச்சி,

‘தி மொஸ்கிட்டோ கோஸ்ட்’ பாருங்கள். பால் தெரூவின் நாவலை வைத்து 1986இல் பீட்டர் வியர் எடுத்த படம். ஹாரிசன் ஃபோர்ட் என்றதும் உங்கள் அண்ணாவுக்கு ‘இந்தியானா ஜோன்ஸ்’ படங்களின் சவுக்கும் தொப்பியும்தான் ஞாபகம் வரும். இதில் அவர் ஆலி ஃபொக்ஸ் என்ற கண்டுபிடிப்பாளர். அமெரிக்கா கெட்டுப்போய்விட்டது, அணுகுண்டுப் போர் வரப்போகிறது என்று சொல்லி மனைவியையும் நான்கு பிள்ளைகளையும் மத்திய அமெரிக்கக் காட்டுக்குக் கூட்டிப் போகிறார். நம் ஊரிலிருந்து போனவர்கள் ஏன் போனார்கள் என்று யாருக்கும் விளக்கத் தேவையில்லை. இந்த மனிதரையோ யாரும் துரத்தவில்லை. படத்தின் வேடிக்கையே அங்குதான் தொடங்குகிறது.

காட்டுக்குள் ஐஸ் செய்வதுதான் அவருடைய வெறி. பெரிய கட்டடம் போல ஓர் இயந்திரம் கட்டி, அடியில் நெருப்பு மூட்டுகிறார். நெருப்பிலிருந்து ஐஸ் வருமா என்று பிள்ளைகள் கட்டாயம் கேட்பார்கள். வரும். தண்ணீரில் கரைந்திருக்கும் அமோனியா சூட்டில் வாயுவாகப் பிரியும், ஆறினால் திரவமாகும், அது மறுபடி ஆவியாகும்போது சுற்றியிருக்கும் வெப்பத்தை இழுத்துக்கொள்ளும். மண்ணெண்ணெயில் ஓடிய பழைய ஃப்ரிட்ஜும் இப்படித்தான்.

கொட்பே மீன்பிடித் துறைமுகத்தில் பலநாள் படகுகளுக்கு ஐஸ் ஏற்றுவதைப் பார்த்த நமக்கு அந்த ஆசை அவ்வளவு விசராகத் தெரியாது. ஆனால் அங்குள்ள சனங்களுக்கு ஐஸ் வேண்டுமா என்று அவர் கேட்பதே இல்லை. ஒரு கட்டியைச் சுமந்துகொண்டு காட்டு வழியே தூரத்து ஊருக்குப் போகிறார். போய்ச் சேர்வதற்குள் அது கரைந்துவிடுகிறது!

அதுவரை சிரிக்கலாம். பிறகு துப்பாக்கிக்காரர் வருகிறார்கள், இயந்திரம் வெடிக்கிறது, ஆறு நஞ்சாகிறது. திரும்பிப் போகும் ஆசையை அறுக்க, அமெரிக்காவே அழிந்துவிட்டது என்று பிள்ளைகளிடம் சொல்லிவிடுகிறார். மிச்சத்தைப் படத்தில் பாருங்கள்.

மூத்த மகனாக வரும் ரிவர் ஃபீனிக்ஸுக்காகவே இதை இன்னொரு முறை பார்க்கலாம். அப்பாவை நம்பிக்கொண்டே சந்தேகப்படும் முகம் அவனுக்கு. தாயைத்தான் எனக்குப் பிடிபடவில்லை. ஹெலன் மிரன் மாதிரி ஒரு நடிகையை வைத்துக்கொண்டு, இந்த மனிதர் சொல்வதற்கெல்லாம் இவ்வளவு தூரம் பொறுமையாகத் தலையாட்ட வைத்திருக்கிறார்கள். உங்கள் அண்ணி அந்த இடங்களில் படத்தை நிறுத்திச் சண்டை பிடிப்பார் என்று நினைக்கிறேன். பிடிக்கட்டும்.

சின்னப் பிள்ளைகள் இருந்தால் முதலில் 2005இல் பிபிசி எடுத்த ‘மை ஃபேமிலி அண்ட் அதர் அனிமல்ஸ்’ போடுங்கள். கோர்ஃபு தீவில் ஒரு தாய், நான்கு பிள்ளைகள், கடைக்குட்டி பிடித்துவரும் பூச்சியும் பிராணியும். அதில் பயமில்லாமல் சிரிக்கலாம். அவர்கள் படுத்த பிறகு பெரியவர்கள் காட்டுக்குப் போங்கள்.